பக்கத்து இருக்கையின் கால்கள்

ஆறாவது தடவையும் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது.

சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நூலகத்தை ஒட்டிப் போகிற சரிவு அது. மலை என்று சொல்ல முடியாது. சைக்கிளில் வருகிற பள்ளிப் பிள்ளைகள்கூட சீட்டைவிட்டு எழுந்து நாலு மிதி மிதித்தால் ஏறிவிடுவார்கள். அதில் பாதி தூரம் போய், நிறுத்தி, மறுபடி கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குள் முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டுவிட்டது.

பக்கத்தில் அவள் கணவன் சீட் பெல்ட்டை இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தான். ஜெராக்ஸ் மிஷின்கள் பழுது பார்ப்பவன். எந்த மிஷினையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிடுவான்; ஆனால் ஸ்டியரிங்கை மட்டும் வாழ்நாளில் தொட்டதில்லை.

"நின்னுடுச்சா, நீ நிறுத்திட்டியா?" என்று கேட்டான்.

"நின்னுடுச்சு."

"சரி. தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. ஒதுங்கிப் போகும்போது அதன் டிரைவர் ஜன்னல் வழியாகக் குனிந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார். ஏதாவது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அன்றைக்கு வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்குள் இதைவிடச் செங்குத்தான ஒரு சரிவில் அவள் இந்தக் காரை நிறுத்திக் கிளப்பியாக வேண்டும்.

பெரிய ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றின் அடித்தளத்தில் அவளுக்குப் பத்து வருடமாக வேலை. வருகிற குழாய்களைச் சரிபார்த்து, எண் போட்டு, லேபிள் ஒட்டுவது. அங்கே அவளுக்கு 'லேபிள்' என்றே பேர். தன் தண்ணீர் பாட்டிலுக்கும் குடைக்கும்கூட லேபிள் ஒட்டி வைத்திருந்தால் பின்னே என்ன பேர் வைப்பார்கள்? பத்து வருடத்தில் ஒரு குழாய் மாறியதில்லை. ஆனாலும் ஒட்டியதை இரண்டு தடவை திரும்பிப் பார்க்காமல் அவளால் அடுத்ததற்குப் போக முடியாது. பார்த்தபோதெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதனால் பார்ப்பதை விட்டுவிட முடியுமா என்ன?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிலையத்தார் புதிதாக ஒரு கிளை திறக்க இருந்தார்கள்; இந்தத் திங்கள்தான் முதல் நாள். ரத்தம் எடுக்க இரண்டு பேர், பொறுப்புக்கு ஒருவர். பொறுப்பாளர் காலையில் எடுத்த குழாய்களைத் தன் காரிலேயே பதினொன்றரைக்குள் தலைமை நிலையத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தாமதமானால் சில பரிசோதனைகளுக்கு அந்த ரத்தம் உதவாது. நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை ஊசி குத்த வேண்டும்.

"லைசென்ஸ் எடுத்துட்டு வா, அந்த நாற்காலி உனக்கு" என்று நான்கு மாதத்துக்கு முன் நிலையத்தின் தலைவி மேடம் சொன்னார். "இல்லன்னா புதுசா சேர்ந்திருக்கிற பொண்ணைத்தான் போடணும். அவ நல்லா ஓட்டறா. எனக்கு உன்னை அனுப்பத்தான் ஆசை. ஆனா ரத்தம் என் ஆசைக்காகக் காத்திருக்காது பாரு."

ஜன்னலே இல்லாத அடித்தளத்திலிருந்து ஜன்னல் உள்ள ஓர் அறைக்குப் போகலாம். வாசலில் ஒரு பலகையும் தன்னை நம்பி இரண்டு பேரும் இருப்பார்கள். இதைவிடப் பெரிதாக அவள் எதையும் கேட்டதில்லை.

தலைமை நிலையத்தின் கார் நிறுத்துமிடம் இரண்டாவது மாடியில் இருந்தது. அதற்கு ஏறுகிற, எல்லோரும் ராம்ப் என்று சொல்கிற சரிவுப் பாதையின் நடுவில், சரிவிலேயே, ஒரு தடுப்புக் கம்பு. அட்டையைக் காட்டினால்தான் கம்பு உயரும். ஆகவே ஒவ்வொருவரும் சரிவில் நின்றுதான் கிளம்ப வேண்டும். அந்தக் கட்டடத்தை வரைந்த புண்ணியவான் காலில் நடந்தே காலத்தை ஓட்டியவராக இருக்க வேண்டும்.

ஆனால் அவளுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அதுவும் முதல் தேர்விலேயே. அதனால்தான் இந்தக் குலுக்கலுக்கு அர்த்தம் விளங்கவில்லை.

நான்கு மாதம், வேலை முடிந்து மாலை ஆறிலிருந்து ஏழு வரை, நாற்பது வகுப்பு. சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்கு இருபத்தெட்டு வயது; அவளைவிட ஆறு வயது இளையவர். "அக்கா, பயப்படாதீங்க, என்கிட்டயும் பிரேக் இருக்கு" என்பது அவருடைய மந்திரம். டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் உட்காருகிற பக்கமும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் இருந்தன. ஒவ்வொரு வகுப்பும் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் அன்றைக்குச் செய்ததைப் படிப்படியாக ஒரு தாளில் எழுதி வைப்பாள். மறுநாள் காரில் ஏறுமுன் அதைப் படித்துக்கொள்வாள்.

சரிவில் கிளம்புவதற்கு ஆறு படி. ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். முதல் கியர். வலது கால் ஆக்ஸிலரேட்டரில் லேசாக. இடது காலைக் கிளட்ச்சிலிருந்து மெல்லத் தூக்க வேண்டும். ஐந்தாவது படியாக அவள் எழுதி வைத்திருந்தது இது: 'பெடல் மூச்சு விடும் வரை காத்திரு.' ஆறாவது, ஹேண்ட் பிரேக்கை விடுவி.

மூச்சு என்பது அவளே வைத்த பேர். காலைத் தூக்கிக்கொண்டே வரும்போது, கார் இதோ குலுங்கப்போகிறது என்கிற நேரத்தில், கிளட்ச் பெடல் அவள் பாதத்தைவிட்டுக் கொஞ்சம் கீழே இறங்கும். ஒரு விநாடி. பிறகு மெல்ல மேலே வந்து பாதத்தைத் தொடும். கார் பூனை மாதிரி நகரும். கிளட்ச்சின் குணமே அதுதான் என்று நினைத்தாள். எல்லோருக்கும் தெரிந்த சங்கதியைக் கேட்டு அசடு வழிய வேண்டாம் என்று அவள் மாஸ்டரிடம் அதைக் கேட்கவேயில்லை.

லைசென்ஸ் கையில் கிடைத்த வாரமே கார் வாங்கினார்கள். கியர் இல்லாத கார் அவர்கள் கைக்கு எட்டவில்லை. இது ஒரு பல் டாக்டரும் அவருக்குப் பின் ஒரு தையல்காரரும் வைத்திருந்த சின்னக் கார். வெளுத்த பச்சை. பின் சீட்டின் இடுக்கில் இன்னும் நூல் துணுக்குகள் இருந்தன. முதல் நாள் அவள் அதை ஓட்டவேயில்லை. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு விளக்கு, வைப்பர், காற்று என்று ஒவ்வொரு பொத்தானுக்கும் லேபிள் ஒட்டினாள்.

"எனக்கும் ஒண்ணு ஒட்டிடு, தொலைஞ்சிடப் போறேன்" என்றான் கணவன்.

சமதரையில் கார் அவள் சொன்னபடி கேட்டது. சரிவில்தான் மூச்சு விட மறுத்தது. அவள் ஐந்தாவது படியில் காத்திருந்தாள், பெடல் இறங்கவில்லை, கார் நின்றுபோனது. வண்டியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினாள். அப்படி முடிவு கட்டியதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனாள். கடை சமதரையில் இருந்ததால் போய்ச் சேர முடிந்தது. மெக்கானிக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

"கிளட்ச்ல என்னம்மா?"

"மூச்சு விட மாட்டேங்குது."

"என்ன விட மாட்டேங்குது?"

அவள் விளக்கினாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுச் சரிவில் ஏறினார். பாதியில் நிறுத்தினார். அங்கேயே, பிரேக் இல்லாமல், கிளட்ச்சை மட்டும் வைத்துக் காரை அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் வராமல் கார் முனகிக்கொண்டு நின்றது. பிறகு இறங்கி வந்து சாவியைக் கொடுத்தார்.

"கிளட்ச்சு தங்கம்மா. தையல்காரர் பொத்திப் பொத்தி வச்சிருந்திருக்காரு."

"இல்லீங்க. நான் கத்துக்கிட்ட கார்ல பெடல் தானா ஒரு தடவை இறங்கிட்டு மேல வரும்."

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். சிரிக்க வேண்டியதா இல்லையா என்று அவருக்கே தெரியாத மாதிரி ஒரு முகம்.

"எந்தப் பெடலும் தானா இறங்காதும்மா. பக்கத்துல யாரு உக்காந்திருந்தாங்க?"

நாற்பது வகுப்பும் ஒரு விநாடியில் கண்முன் வந்துபோயின. டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பக்கத்துப் பெடல்களும் ஒரே கம்பியால் இணைந்தவை. அங்கே மிதித்தால் இங்கேயும் இறங்கும். இது அவளுக்குத் தெரியும். முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். தெரிந்தும் அவளுக்கு உறைக்கவில்லை.

அப்படியானால் சரிவில் அவள் ஏறியதெல்லாம் அவள் ஏறியதல்ல. சரி, வகுப்பு போகட்டும். தேர்வு?

தேர்வில் அதிகாரி பின் சீட்டில் உட்காருவார். மாஸ்டர் முன்னால், பெடல்கள் உள்ள பக்கம். அதுதான் அங்கே விதி. பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் கால் தெரியாது. அன்றைக்கும் ஒரு சரிவில் சிவப்பு விளக்கு விழுந்தது. பச்சை விழுந்ததும் கார் பூனை மாதிரி நகர்ந்தது. பெடல் அன்று மூச்சு விட்டதா? எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தாளில் எழுதியதெல்லாம் 'பாஸ்' என்கிற ஒரே வார்த்தைதான்.

மாலை ஐந்தரைக்கு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட அந்தச் சின்ன அறையின் சுவர் முழுக்கத் தேர்வில் தேறியவர்களின் படங்கள். அவள் படமும் இருந்தது, பல் முப்பத்திரண்டும் தெரிய.

"அக்கா! வாங்க வாங்க. ட்ரீட் குடுக்க வந்தீங்களா?" என்று மாஸ்டர் எழுந்தார்.

"மாஸ்டர், சரிவுல நீங்க எனக்கு கிளட்ச் போட்டீங்களா?"

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "ஆரம்பத்துல போட்டிருப்பேன்கா. எல்லாருக்கும் போடறதுதான். இல்லன்னா இஞ்சின் தாங்குமா?"

"கடைசி வகுப்பு வரைக்கும் இறங்கிச்சு."

"கடைசி வரைக்குமா? இருக்காதுக்கா."

"டெஸ்ட் அன்னிக்கு?"

அவர் கதவை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டெஸ்ட்ல போட்டா என் பொழப்பே போயிடும்கா. சத்தியமா சொல்றேன், ரெண்டு காலையும் பின்னால இழுத்து சீட்டுக்கு அடியில வச்சிருந்தேன். நீங்கதான் ஓட்டுனீங்க. நல்லாதான் ஓட்டுனீங்க."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. நாலு மாதத்தில் ஒரு வகுப்பைக்கூட ஐந்து நிமிடம் குறைத்ததில்லை. அவள் நம்ப விரும்பினாள். ஒட்டிய லேபிளைத் திரும்பிப் பார்க்கிற அதே அரிப்பு அவளை விடவில்லை.

"உங்களுக்கு அடுத்த க்ளாஸ் எப்போ?"

"ஏழுக்கு."

"என் கார் வெளிய நிக்குது. வந்து பக்கத்துல உக்காருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

நூலகச் சரிவுக்கே போனார்கள். பாதியில் நிறுத்தினாள். பச்சைக் காரில் மாஸ்டருக்கு முன்னால் பெடல் எதுவும் இல்லை. ஒரு ரப்பர் விரிப்பு மட்டும். கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "டென்ஷனே வேணாம்கா. மெதுவா. விடுங்க, விடுங்க, இன்னும் கொஞ்சம்..."

கார் குலுங்கி நின்றது. அது நிற்பதற்குச் சற்று முன்னால், பக்கத்தில் மெத்தென்று ஒரு சத்தம் கேட்டது.

மறுபடி கிளப்பினாள். இந்தத் தடவை அவள் சாலையைப் பார்க்கவில்லை. தன் இடது பாதம் மேலே வந்துகொண்டிருந்தபோது கண்ணைத் தாழ்த்தி அவர் பக்கம் பார்த்தாள். கார் குலுங்கப்போகிற அந்த நேரத்தில் மாஸ்டரின் இடது ஷூ ரப்பர் விரிப்பை அழுத்தியது. ஒரு விநாடி. பிறகு மெல்ல மேலே வந்தது. அவர் முகமோ சாலையைப் பார்த்துக்கொண்டு, "விடுங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், உங்க கால்."

"என்னக்கா?"

"காலைப் பாருங்க."

மூன்றாவது தடவை அவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஷூ அழுத்தியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுத்தியது.

கார் நின்றுபோனதுகூட இருவருக்கும் தெரியவில்லை. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போடலக்கா" என்றார்.

"இப்ப போட்டீங்க."

"இப்ப போட்டிருக்கேன். ஆனா நான் போடல."

"அன்னிக்கு?"

ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு சரிவில் ஏறி அவர்களைக் கடந்து போனார். மாஸ்டர் இடது ஷூவை விரிப்பிலிருந்து இழுத்துச் சீட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தார்.

"சீட்டுக்கு அடியில வச்சது ஞாபகம் இருக்கு" என்றார் கடைசியில். "அங்கயே இருந்துச்சான்னு இப்ப சத்தியம் பண்ணச் சொன்னா முடியாதுக்கா. ஏழு வருஷம். முந்நூறு பேருக்கு மேல பாஸ் பண்ண வச்சிருக்கேன்." அவர் சுவரிலிருந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. சண்டை போடத்தான் அவள் வந்திருந்தாள். இப்போது அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"பின் சீட்டுக்குப் போங்க மாஸ்டர்."

அவர் இறங்கிப் பின்னால் ஏறினார். கேட்காமலே ஷூக்களைக் கழற்றிவிட்டுச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தாவது படியை அவள் மனதிலேயே கோடு போட்டு அடித்தாள். பெடல் மூச்சு விடாது. அப்படியானால் எதற்குக் காத்திருப்பது?

"முன்னால மூக்கு லேசா தூக்கும்கா" என்றார் பின்னாலிருந்து. "சத்தமும் மாறும். இத்தனை நாள் அந்த இடத்துல நான் புகுந்துட்டேன் போல. நீங்க அதைக் கேட்டே இருக்க மாட்டீங்க."

கேட்டதில்லைதான். முதல் தடவை காது கொடுத்தாள். இஞ்சின் சத்தம் கனத்தது. காரின் மூக்கு விரல் அளவு நிமிர்ந்தது. அதற்குள் கால் பதறி மேலே வந்துவிட்டது. கார் நின்றது. ஏழு மணிக்குள் பதினோரு தடவை முயன்றதில் நான்கு தடவை ஏறினாள்.

"நாலு நல்ல கணக்குக்கா."

"எனக்கு நாலு தேவையில்ல மாஸ்டர். ராம்ப்புல ஒண்ணுதான் கிடைக்கும்."

வீட்டில் கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேடம்கிட்ட சொல்லிடேன். ஒரு மாசம் கழிச்சு எடுத்துக்கறேன்னு" என்றான்.

"ஒரு மாசம் கழிச்சு அந்த நாற்காலில வேற ஆள் இருக்கும்."

"நியாயம்தான். ஆனா நீ ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தறதுக்குப் பதிலா சாம்பார்ல ஊத்தி மூடி வச்சிட்டே. அதான் யோசிக்கறேன்."

சனியும் ஞாயிறும் அவனைச் சம்மணம் போட வைத்துக்கொண்டு அதே சரிவில் ஏறி இறங்கினாள். ஞாயிறு மாலை இருபதுக்குப் பதினாறு வந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் தவறிய நான்கையும் எண்ணிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அந்த மாலை அந்தச் சாலையில் மொத்தம் நான்கு வண்டிகள்தான் அவளுக்குப் பின்னால் வந்து நின்றன. நான்கு தடவையும் அவள் தவறியிருந்தாள்.

திங்கட்கிழமை பத்து ஐம்பதுக்குப் புதுக் கிளையில் நாற்பத்திரண்டு குழாய்கள் குளிர்ப்பெட்டியில் ஏறின. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தாள். பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்து சீட் பெல்ட் போட்டாள். ஆற்றுப் பாலத்தில் நெரிசல் இல்லை. வழியில் இருந்த மூன்று சிக்னல்களையும் தாண்டினாள். சரிவுப் பாதையின் அடிக்கு வந்தபோது மணி பதினொன்று பத்தொன்பது.

பாதையில் ஏற்கெனவே மூன்று கார்கள் வரிசையில் நின்றன. அவள் ஒரு தடவை நின்று கிளம்பத்தான் மனதைத் தயார் செய்திருந்தாள். இப்போது நான்கு தடவை நிற்க வேண்டும்.

முன் கார் நகர்ந்தது. சத்தம் கனக்கும் வரை காத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டாள். ஏறியது. ஒன்று. அடுத்ததிலும் ஏறியது. நின்று கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் ஒரு பெரிய கறுப்புக் கார் வந்து, அவள் காரின் முதுகை மோந்து பார்ப்பதுபோல ஒட்டி நின்றது. அதன் பின்னால் ஒரு வேன்.

மூன்றாவதில் கார் குலுங்கி நின்றது. நின்றதோடு ஒரு சாண் பின்னால் போனது. அவள் பிரேக்கை மிதிப்பதற்குள் கறுப்புக் கார் ஹார்ன் அடித்தது. அந்த நீளச் சத்தம் கான்கிரீட் சுவர்களில் பட்டு ஏழெட்டு ஹார்ன்களாகத் திரும்பி வந்தது. மறுபடி கிளப்பினாள். மறுபடி நின்றது. இடது கால் கிளட்ச்சின் மேல் ஆடத் தொடங்கியிருந்தது. கையால் முட்டியைப் பிடித்து அமுக்கினாள்.

பதினொன்று இருபத்திரண்டு. மேலே போன் செய்தால் யாராவது நடந்து இறங்கி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போவார்கள். ரத்தம் காப்பாற்றப்படும். நாளை முதல் புதுப் பெண் வருவாள். போனைக் கையில் எடுத்தாள். மேடத்தின் எண் திரையில் வந்துவிட்டது.

பத்து வருடத்தில் ஒரு குழாயைக்கூட இன்னொருவர் கையில் பாதி வழியில் கொடுத்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அது வீம்பா, பொறுப்பா என்று யோசிக்க நேரமில்லை. போனை வைத்தாள். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கைகளாலும் இழுத்துப் போட்டாள். கியரிலேயே விட்டு, சாவியைத் திருப்பி அணைத்தாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

கறுப்புக் காரின் கண்ணாடி இறங்கியது. டை கட்டிய ஒருவர்.

"என்னம்மா, கார் ரிப்பேரா?"

"கார் நல்லாருக்கு சார். நான்தான் புதுசு. கிளம்பும்போது கொஞ்சம் பின்னால வரும். நீங்க இவ்வளவு ஒட்டி நின்னா என் கால் நடுங்குது. ஒரு கார் நீளம் தள்ளி நில்லுங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எனக்குப் பின்னால வேன் நிக்குதே?"

"அவர்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன்."

போனாள். வேன் டிரைவர் பல் குத்திக்கொண்டிருந்தார். "பின்னால போகணுமா? ஓட்ட ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு?"

"இந்தக் கார்லயா? ஏழு நாள்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வேன் கேட்டதற்கு மூன்று மடங்கு தூரம் பின்னால் போய்விட்டது. கறுப்புக் காரும் இறங்கியது. டை கட்டியவர் கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, "போதுமாம்மா? இல்ல, தெருவுக்கே போயிடவா?" என்றார்.

"போதும் சார்."

திரும்பி வந்து உட்கார்ந்தபோது முன்னால் பாதை காலியாக இருந்தது. காரைக் கிளப்பி மெல்லக் காலைத் தூக்கினாள். சத்தம் கனத்தது. பிரேக்கை விட்டாள். கம்பு வரை ஏறி நின்றாள். அட்டையைக் காட்டினாள். கம்பு உயர்ந்தது. காவலாளி கூண்டிலிருந்து வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்.

கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. மூக்கு நிமிர்ந்த மாதிரியும் இருந்தது, நிமிராத மாதிரியும் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை விட்டதும் கார் பின்னால் நழுவியது. அரை அடி. பிரேக்கை மிதித்துவிடலாம் என்று வலது கால் துடித்தது. அதை ஆக்ஸிலரேட்டர்மேலேயே வைத்து அழுத்தினாள். இஞ்சின் போட்ட கூச்சலில் காவலாளி ஓரடி பின்வாங்கினார். நழுவல் நின்றது. ஒரு கணம் முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. பிறகு பச்சைக் கார் ஏறியது.

இரண்டாம் மாடியில் நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழாய்களை வாங்குகிற ஜன்னலில் இருந்தவர் சீட்டில் முத்திரை குத்தினார்: 11:28.

மேடம் கதவருகில் நின்றிருந்தார். செய்தி அவளுக்கு முன்பே மாடியேறிவிட்டிருந்தது.

"ராம்ப்புல இறங்கி நின்னு டிராஃபிக் போலீஸ் வேலை பாத்தியாமே?"

"ஆமா மேடம்."

"பின்னால இருந்தது யாருன்னு தெரியுமா? நம்ம எலும்பு டாக்டர். போன் பண்ணிச் சிரிக்கறாரு."

"எனக்கு சரிவுல இன்னும் சரியா வரல மேடம். அதைச் சொல்லிடணும்னு நினைச்சேன். இருபதுக்கு நாலு தப்பாகுது. பின்னால ஆள் நின்னா அதுக்கும் மேல."

மேடம் முத்திரை விழுந்த சீட்டை வாங்கிப் பார்த்தார். அவளையும் பார்த்தார். "நாளைக்கும் நின்னுடுச்சுன்னா?"

"இறங்கிச் சொல்லுவேன். பெட்டியை மட்டும் யார்கிட்டயும் பாதி வழியில குடுக்க மாட்டேன்."

"பதினொண்ணு முப்பதுக்குள்ள வந்தா சரி. எப்படி வர்றேங்கறது உன் பாடு" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "வாசல் பலகைக்கு உன் முழுப் பேரை எழுதிக் குடுத்துட்டுப் போ. லேபிள்னு போட்டா நல்லாருக்காது."

எழுதிக் கொடுத்தாள். எழுத்து சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகு கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, பச்சைக் காரின் மேல் சாய்ந்துகொண்டு, இடது கால் ஆட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. அடங்கவில்லை. கிளையில் இரண்டு பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ஆடுகிற காலோடேயே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.